பிஸ்கட்டின் பின்னங்கால்

குதிரை நின்றுகொண்டே உறங்கும் என்று எல்லோரும் சொல்வோம். விழாமல் எப்படி உறங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. தூக்கத்தில் தசை தளரும், தசை தளர்ந்தால் கால் மடங்கும், கால் மடங்கினால் ஐந்நூறு கிலோ உடம்பு கீழே வரவேண்டும். வருவதில்லை. அதற்கான முக்கிய ஏற்பாடு பின்னங்காலில் இருக்கிறது.

குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டைத்தான் பலரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது நம் கணுக்காலுக்குச் சமமானது. அதன் முழங்கால் இன்னும் மேலே, வயிற்றுத் தோலின் மடிப்பு தொடையில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. கால்நடை மருத்துவத்தில் அதற்கு ஸ்டைஃபிள் மூட்டு என்று பெயர். நமக்கு இருப்பதுபோலவே முன்னால் ஒரு சில்லு உண்டு. நமக்கு அந்தச் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு கட்டுவது ஒரே தசைநார். குதிரைக்கு மூன்று: உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, வெளியே ஒன்று. தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு மேடுகள், அதில் உள்பக்க மேடு பெரிது. ஓய்வாக நிற்க நினைக்கும் குதிரை, சில்லை மேலே இழுத்துச் சற்றே திருப்பி, உள் தசைநாரை அந்தப் பெரிய மேட்டின்மேல் மாட்டிவிடும். கால் பூட்டிக்கொள்ளும். ஸ்டைஃபிள் நேராக நின்றால் கீழே உள்ள கணுமூட்டும் மடங்க முடியாது. இரண்டும் சேர்ந்து நீளும், சேர்ந்து மடங்கும்படிதான் படைப்பு. பூட்டிய காலில் பாரத்தை வைத்துவிட்டு, மற்றப் பின்னங்காலைக் குளம்பு நுனி மட்டும் தரையில் படும்படி தளர்த்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றும். (ஆழ்ந்த உறக்கத்துக்கு அதுவும் சிறிது நேரம் படுத்தே ஆக வேண்டும். நின்றபடி வருவது கோழித் தூக்கம்தான்.)

நடக்க வேண்டிய நேரத்தில் இந்தப் பூட்டு திறக்காவிட்டால்தான் தொல்லை. கால் பின்னோக்கி நீண்டு விறைத்து நிற்கும். குதிரை இழுத்து இழுத்து நகரப் பார்க்கும், குளம்பின் முன்விளிம்பு மண்ணைக் கீறிக்கொண்டு வரும். திடீரென்று ‘டக்’ என்று விடுபட்டுக் கால் வெடுக்கென மேலே எழும். இது முற்றிய கட்டம். ஆரம்பத்தில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. நின்று கிளம்பும் முதல் அடியில் ஒரு தடுமாற்றம், இறக்கத்தில் இறங்கும்போது ஒரு சிக்கல், வேகத்தைக் குறைக்கும்போது பின்பாகம் ஒரு குலுக்கு குலுக்கும், அவ்வளவுதான். மேலே உட்கார்ந்திருப்பவர் சோம்பல் என்பார், முரண்டு என்பார், சவுக்கை எடுப்பார்.

பெரும்பாலான குதிரைகளில் பூட்டின்மேல் குற்றமில்லை. மேட்டில் மாட்டிய சில்லைத் தூக்கி வெளியே எடுக்க வேண்டிய தொடைத்தசை இளைத்துப் போயிருக்கிறது. அதனால்தான் தசை ஏறாத இளங்குதிரைக்கும், நோய்வாய்ப்பட்டு நாள்கணக்கில் கொட்டடியில் நின்ற குதிரைக்கும் இது வருகிறது. பின்னங்கால் அளவுக்குமீறி நேராக அமைந்த குதிரைக்கும், ஷெட்லண்ட் போன்ற குட்டை இனங்களுக்கும் பிறவியிலேயே வாய்ப்பு அதிகம். அது வேறு கணக்கு.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, அந்தியூர் வட்டாரத்தில் அரசு மருத்துவமனைகளில் மாடு, எருமை, ஆடு பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. இப்போது வீட்டுமனை விளைகிறது. பேத்தி குதிரை ஏறப் பழகுகிறாள். சொந்தக் குதிரை இல்லை, பண்ணையில் ஒரு குதிரையை வாரத்தில் சில நாள் மட்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஹாஃப் லீஸ் என்கிறார்கள். குதிரையின் பெயர் பிஸ்கட். செம்பழுப்பு நிறம், குவார்ட்டர் ஹார்ஸ் இனம், காயடித்தது. குளம்பில் சீழ் வைத்து, குளிர்காலம் முழுவதும் கொட்டடியிலேயே நின்றிருந்தது. குளம்பு ஆறிவிட்டது என்று வெளியே கொண்டுவந்த வாரத்தில் பேத்தி என்னைக் கூப்பிட்டாள்.

“அப்புச்சி, பிஸ்கட் கால் மாட்டிக்கிச்சு, வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் எருமைகளில் பார்த்த அதே கால், அதே கீறல். “கண்ணு, ரெண்டடி பின்னால தள்ளு” என்றேன். அவள் மார்பில் கை வைத்து அழுத்த, பிஸ்கட் ஓரடி பின்னால் வைத்ததும் கால் விடுபட்டது. பின்னால் அடி வைக்கும்போது அந்தத் தசை சில்லைத் தூக்கியே ஆக வேண்டும், அதுதான் சூட்சுமம். பண்ணைக்கார அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தார். இந்த நாட்டில் எனக்கு மருத்துவம் பார்க்க லைசென்ஸ் கிடையாது. அதனால் அப்புச்சி என்ற பதவியோடு நிறுத்திக்கொண்டு, குதிரை டாக்டரை அழைக்கச் சொன்னேன்.

வந்தவர் ஓர் இளம்பெண். வேலை சுத்தம். முதலில் நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட். மூட்டுக்குள் குருத்தெலும்பு உரிந்திருக்கிறதா, தொடை எலும்பின் முனையில் நீர்க்கட்டிபோல் குழி விழுந்திருக்கிறதா என்று தேடினார். இதைச் செய்யாமல் பயிற்சியும் கூடாது, கத்தியும் கூடாது. உள்ளே அப்படி ஏதாவது இருந்தால் பயிற்சி அதைக் கூட்டிவிடும். பிஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை. தசைதான் போயிருந்தது. “கத்தியை ஒதுக்கி வைப்போம், வேலை கொடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வேலை என்னவென்றால், முதலில் கொட்டடிக்கு விடை. இரவும் பகலும் வெளியே மேயவிட வேண்டும், தானாக நடக்கிற நடைக்கு ஈடான மருந்து இல்லை. பிறகு, நேர்க்கோட்டில் நடை, நிதானமான ஓட்டம். வட்டக் கொட்டிலில் கயிறு கட்டிச் சுற்றவிடுவது கூடாது. சிறு வட்டம் மூட்டைத் திருகும். தரையில் கட்டைகளை இடைவெளிவிட்டு வைத்து ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்க வைக்க வேண்டும், ஒவ்வொரு கட்டைக்கும் கால் மடங்கித்தானே ஆக வேண்டும். பின்னால் நடக்க வைப்பது தினமும். மேடு ஏறுவது எல்லாவற்றிலும் உத்தமம். ஹூஸ்டன் பக்கம் மேட்டுக்கு எங்கே போவது? தட்டையான பூமி, மழைநீர் போக வழியில்லாமல் தவிக்கிற ஊர். பண்ணைக்குப் பின்னால் வடிகால் வாய்க்கால் ஒன்று ஓடுகிறது, அதன் மண்கரையில்தான் பேத்தி பிஸ்கட்டை ஏற்றி இறக்கினாள். கோடையில் இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் சென்னையைத் தோற்கடிக்கும் என்பதால், விடியலில் போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். லாடக்காரர் வந்து குளம்பின் முன்விளிம்பை வட்டமாகச் சீவிவிட்டார், அடி எடுக்கும்போது குளம்பு லேசாக உருண்டு எழுவதற்காக. தீவனத்தையும் கூட்டினார்கள். சில்லுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்புப் பஞ்சு வற்றிப்போனாலும் பூட்டு சிக்கும், ஒடிசலான குதிரைக்குக் கொஞ்சம் சதை போட்டாலே பாதி சரியாகிவிடும்.

முதல் சில வாரங்கள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பேத்திக்குக் கோபம், மகளுக்கு அதைவிட. “ஏம்ப்பா, சின்ன ஆபரேஷன்தானாமா, நெட்டுல பாத்தேன், பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு. நீங்களே ஊர்ல எத்தனை செஞ்சிருப்பீங்க?”

உண்மை. எத்தனையோ செய்திருக்கிறேன். கொங்கு நாட்டில் உழவு மாட்டுக்கும் எருமைக்கும் இந்த நோய் சகஜம். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பாதித்த கால் தரைப்பக்கம் இருக்கும்படி கிடத்தி, விரலால் தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியில் மூன்று கயிறுகளும் தட்டுப்படும். உள்பக்கத்துக் கயிற்றையும் நடுக்கயிற்றையும் பிரித்து அறிய வேண்டும். படிப்பெல்லாம் அந்த ஒரு விரலுக்குத்தான். மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறல் கீறி, மொட்டை முனைக் கத்தியை உள்தசைநாருக்கு அடியில் நுழைத்துத் திருப்பி அறுக்கும்போது, விறைத்து நின்ற நார் விட்டுக்கொடுத்து அங்கே ஒரு பள்ளம் விழுவது விரலுக்குத் தெரியும். கயிற்றை அவிழ்த்தால் மாடு எழுந்து நேராக நடந்து போகும். விவசாயி கையெடுத்துக் கும்பிடுவார். அந்தக் கும்பிடுக்காகவே அடுத்த மாட்டையும் அறுக்கத் தோன்றும். அது ஒரு போதை, டாக்டர்கள் வெளியே சொல்லமாட்டார்கள்.

எங்களுக்கு முன்னால் அந்த மூட்டில் சூடு வைத்துக்கொண்டிருந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு. பட்டிக்காட்டுத்தனம் என்று நாங்கள் திட்டுவோம். இங்கே வந்து பார்த்தால், பாதாம் எண்ணெயில் அயோடின் கலந்து அதே தசைநாரில் ஊசியாக ஏற்றுகிற வழக்கம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது. எரிச்சல் உண்டாக்கி நாரைத் தடிக்க வைப்பதுதான் இரண்டிலும் நோக்கம். அந்தியூர் இரும்புக்கும் அமெரிக்க ஊசிக்கும் இடையே நாகரிகம்தான் வித்தியாசம்.

மாட்டுக்கு அறுத்ததில் தப்பில்லை என்றே இன்றும் சொல்வேன். ஒற்றை ஏர் வைத்திருக்கிறவரிடம், ஆடிப் பட்டத்துக்கு ஏர் பூட்ட வேண்டிய மாட்டை மூன்று மாதம் மேடு ஏற்றிப் பழக்குங்கள் என்றால் அவர் எங்கே போவார்? மாடு குதிரைபோலப் பாய்ந்து ஓடித் தாண்ட வேண்டியதும் இல்லை. அறுத்தபின் அதற்கு வாழ்நாள் பாடு குறைவு. குதிரைக்கு அப்படியில்லை. அறுவை குதிரைக்கும் எளிதுதான். நின்ற நிலையிலேயே மயக்க ஊசி போட்டுச் செய்துவிடலாம். கணக்கு பிறகுதான் வருகிறது. உள்பக்கத்துப் பிடி போனதும் சில்லு தன் தடத்தில் நிற்காமல் அலையும். சீக்கிரம் வேலைக்கு விட்டால் சில்லின் கீழ்நுனி சிதைந்து எலும்புத் துணுக்குகள் உதிரும். அந்தக் குதிரைக்கு அப்புறம் நிரந்தர நொண்டல். அதனால் மாதக்கணக்கில் ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள். அறுபட்ட காலைப் பூட்டி நின்று இளைப்பாறும் வசதியும் கையை விட்டுப் போகிறது. நின்றபடி உறங்கக் கொடுத்த வரத்தையே வெட்டி எறிகிறோம்.

இதற்கு நடுவழி ஒன்றும் உண்டு. தசைநாரை அறுக்காமல், அதன் மேல்பகுதியில் நார்களின் ஓட்டத்திலேயே பல இடங்களில் கீறிவிடுவது. காயம் ஆறும்போது நார் தடித்து, மேட்டில் எளிதில் மாட்டாது. 2002-இல் இதுபற்றிய ஆய்வு வெளிவந்தபின் பல குதிரை டாக்டர்கள் முழு அறுவையைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பிஸ்கட்டுக்கும் பயிற்சி பலிக்காவிட்டால் அடுத்து இதுதான் என்று அந்தப் பெண் டாக்டர் சொல்லியிருந்தார்.

டெக்சாஸில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஸ்டைஃபிள் மூட்டைப் பிழிந்தெடுக்கிற விளையாட்டு இந்த மண்ணுடையது. கட்டிங் என்று பெயர். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, அது திரும்ப மந்தைக்குள் ஓடாமல் குதிரை மறிக்க வேண்டும். கடிவாளம் தளர்ந்துவிடும், குதிரையே மாட்டைப் பார்த்துப் பார்த்து, பின்பாகத்தைத் தரையோடு தாழ்த்தி, இருபக்கமும் பாயும். டாலஸுக்கு மேற்கே வெதர்ஃபோர்ட் என்ற ஊர் தன்னைக் கட்டிங் குதிரைகளின் தலைநகரம் என்றே அழைத்துக்கொள்கிறது. ஃபோர்ட் வொர்த்தில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய போட்டியான ஃப்யூச்சரிட்டி மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. மூன்று வயதில் மேடை ஏற வேண்டுமென்றால் இரண்டு வயதிலேயே முதுகில் ஆள் ஏற வேண்டும். எலும்பு முற்றியிருக்காது. பரிசுப் பணம் பெரிது, வயது சிறிது. இந்தக் குதிரைகளின் ஸ்டைஃபிள் மூட்டைப் பார்த்தே பிழைக்கிற டாக்டர்கள் அங்கே உண்டு. ஆட்டம் பார்க்க அழகு, மறுக்கமாட்டேன். ஆனால் நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திணிக்கிற பள்ளிகளை எனக்குத் தெரியும். அந்த ஞாபகம் வராமல் இதைப் பார்க்க முடியவில்லை.

கத்தி தேவையா என்ற கேள்வி மனித முழங்காலுக்கும் உண்டு. அதைப் பற்றி இதே ஹூஸ்டனில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கான மருத்துவமனையில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று கூறாகப் பிரித்தார். ஒரு கூறுக்குக் குழாய்க் கருவி விட்டு மூட்டுக்குள் சுரண்டிச் சுத்தம் செய்தார். இன்னொன்றுக்குக் கழுவி மட்டும் விட்டார். மூன்றாவது கூறுக்குத் தோலில் மட்டும் கீறி, அறுவை நடப்பதுபோலவே பாவனை செய்து, உள்ளே கருவியே விடாமல் தையல் போட்டார். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கேட்டதில், வலியிலும் நடையிலும் மூன்று கூறுக்கும் வித்தியாசமில்லை. இதுவும் 2002-இல் வெளிவந்தது. எலும்பு மருத்துவ உலகம் கலங்கிவிட்டது. கவனிக்க வேண்டும்: இது மூட்டைக் கழுவும் அறுவையைப் பற்றியது, மூட்டை மாற்றும் அறுவையைப் பற்றியதல்ல. முற்றிலும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறவருக்கு மாற்றுமூட்டு பெரிய வரம். அதை நான் குறை சொன்னால் ஈரோட்டில் பாதிப்பேர் என்னோடு பேசமாட்டார்கள்.

என் மனைவிக்கும் முழங்கால் வலி. தேய்மானம் நடுத்தரம். முதலில் தொடைத்தசையைப் பலப்படுத்துங்கள், அறுவையைப் பிறகு யோசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி, இறக்க வேண்டும், காலையும் மாலையும். நான் எண்ணுவேன், அவள் நீட்டுவாள். “குதிரைக்குச் சொன்னதையே எனக்கும் சொல்றீங்களே” என்று ஒருநாள் கேட்டாள். இரண்டும் ஒரே மூட்டு என்றேன். அந்தப் பதிலுக்கு அன்று காபி கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று, மாற்றுமூட்டு வைத்துக்கொண்ட நண்பர்களைப் பார்க்கிறேன். வைத்தபின் அவர்களும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே காலைத்தான் நீட்டுகிறார்கள். கத்தியைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பயிற்சி தள்ளுபடி ஆவதில்லை. அறுவைக்கு முன் சோம்பியவர் அறுவைக்குப் பின்னும் சோம்பி, மூட்டு விறைத்துப்போய் டாக்டரைத் திட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

பிஸ்கட் கோடை முடிவதற்குள் தேறிவிட்டது. முழுக்கச் சரியா என்றால் இல்லை. புயல் மழையில் சில நாள் கொட்டடியில் நின்றால் முதல் அடியில் இன்னும் சிக்குகிறது. பேத்தி சேணம் போடுமுன் அதைப் பின்னால் நடத்திவிட்டுத்தான் ஏறுகிறாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாக மார்புக்குப் போகிறது.

இந்தச் சமயத்தில்தான் டாலஸ் பக்கம் இருக்கும் என் தம்பி மகன் வந்தான். ஊரில் அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் கூட்டுப்பட்டா, ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர். அண்ணன் முறை தவறி மோட்டார் போடுகிறான், கணக்குக் காட்டுவதில்லை, ஃபோன் எடுப்பதில்லை. “பெரியப்பா, பாகப்பிரிவினை பண்ணி உட்பிரிவு போட்டுடறேன். ஒரே வெட்டா வெட்டிட்டா நிம்மதி.” பிரிப்பது தவறில்லை. நாற்பது வருஷம் ஒட்டாத பங்காளிகளைப் பத்திரம் போட்டுப் பிரித்துவைத்து, அதன்பிறகே அவர்கள் கல்யாணத்தில் ஒருவருக்கொருவர் மொய் எழுதியதை நான் கண்டிருக்கிறேன். சிலவற்றை அறுத்தால்தான் கால் நகரும். ஆனால் இவன் ஊருக்குப் போயே ஆறு வருஷமாகிறது. தண்ணீர் முறை பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில். உறவு அங்கே சிக்கிக்கொண்டது கிணறு பொதுவாக இருப்பதாலா, இல்லை அதைத் தூக்கிவிட வேண்டிய போக்குவரத்து இளைத்துப்போனதாலா?

“முதல்ல ஒரு பொங்கலுக்குப் போய் இருந்துட்டு வாடா. களத்துல உக்காந்து ரெண்டு பேரும் கணக்குப் பாருங்க. சண்டை வரும், வரட்டும். அப்பவும் நகரலைன்னா சர்வேயரைக் கூப்பிடு, நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான்.

பொங்கலுக்குப் போனான். சண்டையும் வந்தது, பெரிய சண்டை. நடுவில் கிணற்று மோட்டார் புகைந்துவிட, சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் சேர்ந்து கோபிசெட்டிபாளையத்துக்குப் போய்ப் புது மோட்டார் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், பாதிப் பாதி. அண்ணன் தன் பாதியில் இன்னும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறானாம். சர்வேயரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.